ஒத்தச் சட்டியும் இரும்பு ஸ்டூலும்

எங்கள் சொந்தத்தில் எவனாவது என்னை வழியில் பார்த்தால், நல்லா இருக்கியா என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்று கேட்பான். "என்னப்பா, உங்க வீட்ல இன்னும் ஒத்தச் சட்டிதானா?" கேட்டுவிட்டு அவனே சிரித்துக்கொள்வான். பல வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் பல்லைக் கடித்தேன். பிறகு முறைத்துப் பார்த்தேன். இப்போதெல்லாம் "ஆமா, அதுக்கென்ன இப்போ?" என்கிறேன். ஆனாலும் உள்ளே எரிவது எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒத்தச் சட்டி என்பது என் அண்ணிக்கு இவர்கள் வைத்த பெயர். விடுமுறைக்கு வந்த விருந்தாளிகளுக்கு முன்னால் வெறும் தட்டை வைத்துவிட்டு, மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாளாம். வெறும் தட்டு வைத்தது உண்மை. உட்கார்ந்திருந்ததும் உண்மை. நானே பார்த்தேன். ஆனால் சட்டி எப்படிக் காலியானது, காலி பண்ணியது யார் என்று மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை. முழுப் பொய் சொல்கிறவனையாவது ஒருநாள் பிடித்துவிடலாம், பாதிக் கதை சொல்கிறவனைப் பிடிக்கவே முடியாது. அதனால் மீதிப் பாதியை நான் எழுதி வைக்கிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும். படிக்காதவர்கள் என்னை வழியில் பார்த்தால் அந்தப் பக்கமாகப் போகட்டும்.

அண்ணி லாட்ஜ்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் லாண்டரியில் மடிப்புப் பகுதியில் இருந்தார். நான் அதே லாண்டரிக்கு வேன் ஓட்டுகிறேன். காலையில் வெளுத்த கட்டுகளை லாட்ஜ்களில் இறக்குவேன், அழுக்கு மூட்டைகளை ஏற்றி வருவேன். முதலாளி சட்டைக் கழுத்து மாதிரியே விறைப்பாக இருப்பார். நாங்கள் அவருக்குக் கஞ்சி என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் தெரியும்.

மடிப்புப் பகுதியில் நாற்காலி கிடையாது. இரண்டு பெண்கள் ஒரு விரிப்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சண்டைக்குப் போகிற வேகத்தில் ஒருவரை நோக்கி ஒருவர் நடப்பார்கள். மூலையை மூலையோடு சேர்த்து ஒப்படைத்துவிட்டுப் பின்னால் போவார்கள். மறுபடியும் வருவார்கள். ஆவி அடிக்கும், வியர்வை ஒழுகும், கால் வீங்கும். வருஷக் கடைசியில் பள்ளிக்கூடங்கள் மூடி, ஊர் உலகமெல்லாம் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில், எங்களுக்கு மட்டும் மூட்டை கூரையைத் தொடும். அவர்கள் உருண்டு புரண்ட விரிப்பெல்லாம் எங்களிடம்தானே வரும்.

அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு கட்டிலுக்கும் மூன்று ஜோடி துணி வேண்டும். கட்டிலில் ஒன்று, வெளுப்பில் ஒன்று, அலமாரியில் ஒன்று. இது சரியாகச் சுற்றினால் எந்த நாளும் ஒரு கட்டில் மொட்டையாகக் கிடக்காது. சில லாட்ஜ்காரர்கள் பெரிய மனிதன் எவனாவது வந்தால் பகட்டுக்காக அலமாரியில் இருப்பதையும் உருவி, ஒரே கட்டிலில் இரண்டு அடுக்கு விரிப்பார்கள். மறுநாள் லாண்டரிக்கு ஓடி வந்து அழுவார்கள். அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்வார்: "அலமாரில இருக்கிறதை மிச்சம்னு நினைச்சியா? அது நாளைக்கு. நாளைக்கை இன்னைக்கே விரிச்சிட்டு எங்கிட்ட வந்து நின்னா நான் எங்க போவேன்?"

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

விடுமுறை வந்தால் எங்கள் சொந்தம் முழுக்க எங்கள் வீட்டில்தான் இறங்கும். அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். வீடு பெரியது, மாடியில் நான் ஒரு கட்டைப் பிரம்மச்சாரி. வருகிறவர்களில் பெரிய ஆள் என் அக்கா. எங்கள் எல்லாருக்கும் மூத்தவள். கூடவே அத்தான், அவர்கள் பிள்ளைகள், பிள்ளைகளின் சிநேகிதர்கள் என்று ஒரு பட்டாளம்.

அண்ணி பகல் முழுக்க மடிப்பு மேசையில் நின்றுவிட்டு வந்து, அடுப்பில் நிற்பார். நாலு வகை இல்லாவிட்டால் அக்காவுக்கு அது சாப்பாடே இல்லை. எல்லாரும் உட்கார, அண்ணி நின்று பரிமாறுவார். தண்ணீர் எங்கே, உப்பு எங்கே, இன்னும் கொஞ்சம் சூடாக இல்லையா என்று ஆளாளுக்கு ஒரு ஏவல். எல்லாரும் எழுந்த பிறகு, அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு, சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்து நின்றபடியே சாப்பிடுவார்.

ஒரு வருஷம் அண்ணி தன் தட்டில் போட்டுக்கொண்டு மேசைக்கு வந்தார். முதல் தடவை. எல்லாரும் பாதிச் சாப்பாட்டில் இருந்தோம். அண்ணி தட்டோடு சுற்றிப் பார்த்தார். ஒரு நாற்காலியும் இல்லை. கடைசி நாற்காலியில் அக்காவின் கைப்பை உட்கார்ந்திருந்தது. நான் எழுந்தேன். அதற்குள் அக்கா சொன்னாள்:

"நீ ஏன்டா எழுந்திரிக்கிறே? அவளுக்கு உள்ளேதான் வசதி. நின்னே பழகின கால், இல்லையாம்மா?"

குத்திக் காட்டவேண்டும் என்று சொல்லவில்லை. அக்கா மனதில் பட்டதைச் சொன்னாள். அண்ணி உள்ளே போனார். ஆனால் அன்றைக்கு நின்றபடி சாப்பிடவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டார்.

அடுத்த வருஷம் விடுமுறைக்கு முன்னால் ஒருநாள் மாலை, நான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணி வந்து நின்றார்.

"தம்பி, கொதிகலன் அறையில ஒரு இரும்பு ஸ்டூல் கிடக்குதே, கஞ்சிகிட்ட கேட்டேன். எடுத்துக்கோன்னுட்டார். வண்டில ஏத்து."

"அதா? பெயிண்டெல்லாம் உரிஞ்சு, சொறி பிடிச்ச நாய் மாதிரி இருக்கும் அண்ணி. நல்லதா ஒண்ணு வாங்கிக்கலாம்."

"நல்லதா வாங்கினா எவனாவது உட்காருவான். இதுல நான் மட்டும்தான் உட்காருவேன்."

வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையின் ஒரு மூலையில் போட்டார். அப்புறம் அண்ணனையும் என்னையும் முன்னால் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இந்த விடுமுறைக்கு ஒரு வேளைக்கு ஒரு சட்டிதான். மேசையில ஒண்ணு, பிரிட்ஜ்ல ஆக்கினது ஒண்ணு, அதுக்கடுத்ததுக்கு நறுக்கி ஊறப்போட்டது ஒண்ணு. ஒண்ணு தீர ஒண்ணு ஏறும். வேலை விட்டு வந்து சட்டியை அடுப்புல வெப்பேன், முகம் கழுவிட்டு வர்றதுக்குள்ள சூடாயிடும். மேசை நடுவுல வெப்போம். அவங்கவங்க எடுத்துப் போட்டுக்கணும், அவங்கவங்க தட்டைக் கழுவணும். எல்லாரும் உட்காரும்போது நானும் உட்காருவேன். உட்கார்ந்தப்புறம் எழுந்திரிக்க மாட்டேன். எதுக்கும்."

அண்ணன் மெதுவாக, "அக்கா ஏதாவது சொல்லுவாளே?" என்றார்.

"சொல்லட்டுமே. சோறு வேணும்னா கையை நீட்டணும், வாயை இல்லை."

நாங்கள் மூன்று பேரும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். அண்ணன் வெங்காயம் நறுக்குவார். நட்டு போல்ட்டை அசைக்கிற கை, வெங்காயத்துக்கு முன்னால் தோற்றுப்போகும், ஆள் தேம்பித் தேம்பி அழுவார். நான் உருளைக்கிழங்கு தோல் சீவுவேன். நான் சீவினால் கிழங்கு பாதி தோலோடு போய்விடும் என்று அண்ணி திட்டுவார். கெட்டிப் பருப்பில் கீரை போட்டது ஒருநாள். கோழியும் கிழங்கும் சேர்த்துக் கொதித்தது ஒருநாள். வீட்டில் இருக்கிற காயெல்லாம் போட்டு ரொட்டியோடு ஒருநாள். அவ்வளவுதான். ருசி இல்லை என்று எவனாவது சொன்னால் அவன் நாக்கில்தான் கோளாறு.

அக்கா வந்து இறங்கினாள். முதல்நாள் மேசையைப் பார்த்தாள், நடுவில் இருந்த சட்டியைப் பார்த்தாள், மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தாள்.

"இது என்னடா, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி?"

"ஆஸ்பத்திரில படுக்கைக்கே கொண்டுவந்து தருவாங்கக்கா," என்றேன். "இங்கே எடுத்துப் போட்டுக்கணும்."

அத்தான் நல்ல மனிதர். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சட்டிக்குள் கரண்டியை விட்டுக் கோழித்துண்டு தேடுவதில் அவர்களுக்குள் போட்டி. அண்ணி சூடாகச் சாப்பிட்டார். நெற்றியில் வியர்வை அரும்ப, ஊதி ஊதிச் சாப்பிட்டார். அதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அக்கா மட்டும் பாதியில் எழுந்து எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். உட்கார முடியவில்லை அவளுக்கு. அவள் வீட்டிலும் அவள் அப்படித்தான். கடைசியில் நின்றபடி சாப்பிடுகிறவள்தான். அது எனக்குத் தெரியும்.

சில நாள் இப்படி ஓடியது. பிறகுதான் அத்தானின் ஆபீஸ் மேனேஜர் வந்தார்.

மேனேஜரும் அவர் மனைவியும் விடுமுறைக்கு எங்கள் ஊருக்கே வந்து லாட்ஜில் தங்கியிருந்தார்கள். அத்தானுக்குப் பதவி உயர்வு அவர் கையில் இருந்தது. அக்கா அவர்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டாள். அண்ணியிடம் சொல்லவில்லை. அண்ணி லாண்டரியில், நான் வண்டியில், அண்ணன் டிப்போவில். அக்கா பிரிட்ஜைத் திறந்தாள். ஆக்கி வைத்த சட்டி இருந்தது. நறுக்கி வைத்தது இருந்தது. ஊறவைத்தது இருந்தது. அலமாரியில் அதற்கடுத்த சுற்றுக்கான பொருள் இருந்தது. எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். அடுப்பின் எல்லா வாயிலும் ஏற்றினாள். ஒரே பருப்பைத் தண்ணீர் விட்டு ஒரு கிண்ணத்தில் சூப் என்றாள், கெட்டியாக ஒரு கிண்ணத்தில் கூட்டு என்றாள். மேசை நிறைந்தது. ஸ்டூலைப் பின்கட்டில் தூக்கிப் போட்டாள்.

அக்கா கெட்டவள் இல்லை. தம்பி வீட்டு மானம் தன் தலையில்தான் இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து நம்புகிறவள். மேனேஜர் சாப்பிட்டுவிட்டு, "எத்தனை வகை, எத்தனை வகை" என்று வயிற்றைத் தடவியிருக்கிறார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நாளைக்குச் சாயங்காலமும் வாங்க, என் நாத்தனாரும் இருப்பா" என்றாள். அவளுடைய தம்பி பெண்டாட்டியை நாத்தனார் என்கிற அளவுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மாலை நாங்கள் திரும்பியபோது அக்கா பேக்கரி ரொட்டியும் பாலும் வாங்கி வைத்திருந்தாள். சமையலறை பளிச்சென்று இருந்தது. ஸ்டூலும் பழைய இடத்துக்கு வந்திருந்தது. "உனக்கும் ஒருநாள் ஓய்வு வேணாமா?" என்று அண்ணியை அடுப்படிப் பக்கமே விடவில்லை. பிள்ளைகளின் வாயை முன்பே அடைத்திருந்தாள். மறுநாள் காலையில் வேனில் லாண்டரிக்குப் போகும்போது அண்ணி சொன்னார்:

"அக்கா மாறிட்டாங்க தம்பி. நேத்து ரொட்டி வாங்கினதால ஒரு சட்டி மிச்சம். இன்னைக்கு நிம்மதி."

அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அன்றைக்குப் பெரிய விடுமுறை. கடைத்தெரு முழுக்க ஷட்டர் இறக்கியிருந்தது. லாட்ஜ்களில் மட்டும் ஈ நுழைய இடமில்லை. உலர்த்துகிற இயந்திரம் ஒன்று பாதியில் நின்றுபோய், ஈரத்துணியை இஸ்திரி போடுகிற சூட்டு உருளையில் விட்டே காயவைத்தார்கள். அண்ணியின் கால் செருப்புக்குள் நுழையவில்லை. வேனில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் வந்தார். வீட்டு வாசலில் பளபளவென்று ஒரு கார் நின்றது.

உள்ளே மேனேஜரும் மனைவியும் மேசையில். அத்தான் பக்கத்தில் பல்லிளித்துக்கொண்டு. அண்ணன் என்ன நடக்கிறது என்றே தெரியாமல். அக்கா அண்ணியைக் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"ஏம்மா, சட்டுனு மூணு வகை பண்ணிடு. உன் கைக்கு அது ஒரு வேலையா? நான் எடுபிடி செய்றேன்."

அண்ணி பிரிட்ஜைத் திறந்தார். முட்டையும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. அலமாரியைத் திறந்தார். கூடையில் வெங்காயம் இருந்தது, நேற்றைய ரொட்டி கொஞ்சம் இருந்தது. மூடினார்.

"சட்டியெல்லாம் எங்கக்கா?"

"நேத்து மதியம் இவங்களுக்குத்தான் வெச்சேன். அது மிச்சம்தானே கிடந்தது?"

அண்ணி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். லாட்ஜ்காரர்களிடம் இடுப்பில் கை வைத்துக் கேட்பாரே, அதைக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. குழாயைத் திறந்து முகம் கழுவினார். துடைத்தார். தட்டுகளை எடுத்துப்போய் மேசையில் ஆளுக்கொன்றாக வைத்தார். தனக்கும் ஒன்று வைத்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அத்தான் இருமினார். அண்ணன் வெறும் தட்டைத் திருப்பிப் பார்த்தார், கீழே ஏதாவது இருக்குமோ என்கிற மாதிரி.

அக்கா சமையலறை வாசலில் நின்று கண்ணைக் காட்டினாள். அண்ணி பார்க்கவில்லை. அக்கா வாய்விட்டே சொன்னாள்: "எழுந்திரும்மா. வந்தவங்க காத்திருக்காங்க."

"தெரியுது அக்கா. நானும்தான் காத்திருக்கேன்."

மேனேஜர் சங்கடமாகச் சிரித்தார். "ஒண்ணும் அவசரமில்லைங்க. மெதுவா ஆகட்டும்."

"ஆகறதுக்கு ஒண்ணும் இல்லைங்க," என்றார் அண்ணி. குரலை உயர்த்தவே இல்லை. "இன்னைக்குச் சாப்பாடு நேத்து மதியமே உங்களுக்கு வெச்சாச்சு. நாளைக்குச் சாப்பாடும்தான். நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றார் அந்த மனிதர். வேறென்ன சொல்வார், பாவம்.

"மானம் போகுதுடி," என்று அக்கா பல்லுக்கிடையில் சொன்னாள். அப்போதுதான் அண்ணி அவள் பக்கம் திரும்பினார்.

"சமைக்க வேணாம்னு யாரையும் நான் தடுக்கலை அக்கா. வெங்காயம் இருக்கு, முட்டை இருக்கு, அடுப்பு இருக்கு. யார் வேணா போகலாம். நான் காலையிலேர்ந்து நின்னுட்டு வந்து இப்பதான் உட்கார்ந்தேன். எழுந்திரிக்க மாட்டேன்."

எல்லாரும் அண்ணன் முகத்தைப் பார்த்தார்கள். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணி எழுந்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஒருதரம் எழுந்திருந்தால் அந்த ஸ்டூல் மறுநாளே பழைய இரும்புக்குப் போயிருக்கும். அண்ணி ஆயுளுக்கும் சட்டியை வழித்துக்கொண்டு நின்றிருப்பார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத என் அண்ணன், தட்டை நேராக வைத்தார். "அவ உட்காரட்டும்," என்றார். அவ்வளவுதான் பேசினார். அதற்கே காது சிவந்துவிட்டது.

மேனேஜருக்குத் திடீரென்று ஏதோ வேலை நினைவுக்கு வந்தது. எழுந்தார்கள். அத்தான் கார் வரைக்கும் கூடவே ஓடினார். மேனேஜரின் மனைவி மட்டும் வாசலிலிருந்து திரும்பி வந்தார். நாங்கள் எல்லாரும் ஏதோ திட்டப்போகிறார் என்று பார்த்தோம். அவர் அண்ணியிடம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்:

"இந்த ஸ்டூல் எங்கே கிடைச்சுதும்மா?"

அதன் பிறகு அக்கா சமையலறையில் பாத்திரங்களை உருட்டினாள். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. வெங்காயமும் முட்டையும் போட்டு ஒரே வாணலியில் வதக்கி, ரொட்டியை அதிலேயே புரட்டிக் கொண்டுவந்து மேசை நடுவில் டொக்கென்று வைத்தாள். கோபத்தில் உப்பை அள்ளிப் போட்டிருந்தாள். நாங்கள் எடுத்துப் போட்டுக்கொண்டோம். அண்ணியும் எடுத்துக்கொண்டார்.

"அக்கா, வாங்க. ஆறிடும்."

"எனக்குப் பசிக்கலை."

மேனேஜர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. அக்கா வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான் தட்டைக் கழுவப் போனேன். அக்கா அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு, வாணலியில் ஒட்டியதை ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் பின்னால் அண்ணி தட்டோடு நின்றிருந்தார். அவரும் பார்த்தார்.

மறுநாள் அக்கா ஊருக்குப் போய்விட்டாள். போன கையோடு ஒத்தச் சட்டி என்ற பெயர் பிறந்து, சொந்தம் முழுக்கத் தவழ்ந்து, நடந்து, ஓட ஆரம்பித்தது. அத்தானுக்குப் பதவி உயர்வு கிடைத்ததை மட்டும் எவரும் இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வதில்லை. சொன்னால் கதை கெட்டுவிடும் பாருங்கள்.

அண்ணி ஒரு மயிரிழை மாறவில்லை. வருஷா வருஷம் விடுமுறை வந்தது, மூட்டை கூரையைத் தொட்டது, வீட்டில் ஒரு சட்டி வைத்தோம். சொந்தக்காரர்கள் திட்டிக்கொண்டே வந்தார்கள், சாப்பிட்டுக்கொண்டே திட்டினார்கள், தட்டைக் கழுவிவிட்டுப் போனார்கள். அக்கா ஒரு வருஷம் வரவில்லை. அதற்கடுத்த வருஷம் பஸ்ஸில் மடியில் ஒரு மூடிய சட்டியை வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். நேராகப் போய்ப் பிரிட்ஜைத் திறந்து வைத்தாள். "இது மூணாவது," என்றாள். அண்ணி "சரிக்கா" என்றார். அதோடு அந்தச் சண்டை முடிந்தது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அக்கா உட்காரவே இல்லை. தண்ணீர் கொண்டுவருகிறேன், பிள்ளைகள் சாப்பிடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருப்பாள்.

போன விடுமுறைக்கு அண்ணி இல்லை. கால் வீக்கம் என்று ஆரம்பித்தது கடைசியில் சிறுநீரகத்தில் போய் முடிந்தது. கடைசி நாட்களில் முன்னறையில் ஜன்னல் பக்கம் கட்டில் போட்டிருந்தோம். வெளுத்த விரிப்பு மூலை சரியாக மடங்கவில்லை என்று படுத்துக்கொண்டே என்னைத் திட்டுவார். ஒரு பிற்பகல் கூப்பிட்டார். விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, எல்லாரும் வருவாங்க. நான் இருந்தாலும் வருவாங்க, இல்லாட்டியும் வருவாங்க. மூணு சட்டிக் கணக்கை விட்டுடாதே. உங்க அண்ணனைத் தனியா வெங்காயம் நறுக்க விடாதே, கையை வெட்டிக்குவார்."

"சரி அண்ணி."

"அந்த ஸ்டூல் கால் ஆடுது. ஒரு கட்டை வெச்சு சரி பண்ணு."

"பண்றேன்."

"பண்ணிட்டு, சட்டியை மேசையில வெச்சப்புறம் அக்காவைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து அதுல உட்கார வை. திட்டுவாங்க. திட்டட்டும். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எழுந்திரிக்க விடாதே."